சட்டைப் பையில் பத்து வருஷம்

பீளமேட்டில் அறை எடுத்துத் தங்கி பி.காம் படிக்கும் பையன் ஒருவன். ஊர் கோபிச்செட்டிபாளையம் பக்கம். இரண்டாம் வருடத்தில் ஒரு சனிக்கிழமை சாயங்காலம், சட்டைப் பையைக் கையால் பொத்திக்கொண்டே டவுன் பஸ்ஸில் வந்து இறங்கினான். புது செல்போன் வாங்கிவிட்டான் போல என்று அறை நண்பர்கள் நினைத்தார்கள். பைக்குள்ளிருந்து முதலில் ஒரு இளஞ்சிவப்பு மூக்கு எட்டிப் பார்த்தது. அப்புறம் முகத்துக்குச் சம்பந்தமே இல்லாத அளவுக்குப் பெரிய இரண்டு கறுப்புக் கண்கள்.

"எலியாடா?"

"எலி இல்லடா. சுகர் கிளைடர்."

அவனுடைய அம்மாயி வீட்டில் வெள்ளைச் சர்க்கரையை 'அஸ்கா' என்றுதான் சொல்வார்கள். அதையே பெயராக வைத்துவிட்டான். விற்ற ஆள் அவனிடம் சொன்னது மூன்றே மூன்று விஷயம். பழம் போட்டால் போதும். பகலெல்லாம் பையிலேயே தூங்கும். நாய் மாதிரி குரைத்துத் தொல்லை பண்ணாது. ஒரு நடுத்தர செல்போன் விலைக்கு இவ்வளவு சாதுவான பிராணியா என்று பையன் மயங்கிவிட்டான். முதன்முதலாக சுகர் கிளைடர் வாங்குகிறவர்கள் எல்லாரும் மயங்குகிற இடம் இதுதான். அந்த மூன்று விஷயங்களையும் ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தாலே பாதிப் பாடம் முடிந்துவிடும்.

அதற்கு முன்னால், இது என்ன பிராணி?

பார்க்க அணில் மாதிரி இருந்தாலும் இது அணில் சாதியே இல்லை. கங்காருவுக்குச் சொந்தம். வயிற்றில் பை உள்ள பாலூட்டி. தாய் சுமார் 16 நாள்தான் கருவைச் சுமக்கும். அரிசி மணி அளவில் பிறக்கும் குட்டி தானாகவே ஊர்ந்து போய்ப் பைக்குள் புகுந்து, ஏறத்தாழ 70 நாள் அங்கேயே வளரும். சொந்த ஊர் ஆஸ்திரேலியாவும் நியூ கினித் தீவும். வளர்ந்தபின் எடை 100 முதல் 150 கிராம், அதாவது இரண்டு மூன்று முட்டை எடை. முன்னங்கால் சுண்டு விரலிலிருந்து பின்னங்கால் வரை ஒரு தோல் ஜவ்வு இருக்கும். அதை விரித்துக்கொண்டு மரத்துக்கு மரம் 50 மீட்டர் வரை மிதந்து போகும். யூகலிப்டஸ், அக்கேசியா மரங்களின் பிசினும் பாலும், பூந்தேனும், பூச்சியும்தான் சாப்பாடு. இனிப்பைத் தேடிப் போவதால்தான் பெயரில் சுகர்.

தைல மரம் என்று நம் ஊரில் சொல்லும் யூகலிப்டஸும் ஆஸ்திரேலியாவிலிருந்து நீலகிரிக்கு வந்ததுதான். மருந்து அடிக்காத தைல மரக் கிளை ஒன்று கிடைத்தால் கூண்டுக்குள் வைக்கலாம். கொரித்துக்கொண்டு சந்தோஷமாக இருக்கும்.

இப்போது அந்த மூன்று விஷயங்கள்.

குரைக்காது என்பதுதான் முதலில் பொய்த்தது. முதல் ராத்திரி ஒரு மணிக்கு அஸ்கா குரைத்தது! குட்டி நாய் தூரத்தில் குரைப்பது போல விட்டுவிட்டுக் கால் மணி நேரம். அறை நண்பர்கள் ஜன்னலைத் திறந்து தெருவில் நாயைத் தேடினார்கள். பயந்தால் இது வேறு மாதிரி சத்தம் போடும். பழைய மிக்சி கரகரப்பது போன்ற அந்தச் சத்தத்தைக் கேட்டால் புதிதாக வாங்கியவர்கள் கையிலிருந்து நழுவவிட்டுவிடுவார்கள். அது கோபம் இல்லை, பயம். அந்த நேரத்தில் பிடித்து இழுக்கக் கூடாது. போட்டிருந்த பழைய பனியன் ஒன்றைக் கூண்டில் வைத்து வாசனையைப் பழக்க வேண்டும். பகலில் ஒரு துணிப்பையில் போட்டு மார்போடு வைத்துக்கொள்ள வேண்டும். பழக வாரங்கள் ஆகலாம், மாதங்களும் ஆகலாம்.

பகலெல்லாம் தூங்கும் என்பது உண்மை. ராத்திரியெல்லாம் தூங்காது என்பதை மட்டும் விற்றவர் சொல்லவில்லை. ஆந்தை மாதிரி இது இரவுப் பிராணி. ராத்திரி ஓடணும், ஏறணும், தாவணும். பகலில் எழுப்பி எழுப்பி நண்பர்களுக்குக் காட்டினால் அதன் உடம்பு கெட்டுப் போகும். காலை எட்டரை மணிக்கு முதல் வகுப்பு இருக்கிற பையன் ராத்திரி ரெண்டு மணி வரை கூண்டோடு உட்கார்ந்திருந்தால் எவன் உடம்பு கெடும் என்பதையும் யோசிக்க வேண்டும் :-)

மூன்றாவது, பழம் போட்டால் போதும் என்பது. இந்த ஒரு பொய் அஸ்காவின் காலையே வாங்கிவிட்டது.

பையன் தினமும் வாழைப்பழம் கொடுத்தான். சில நாள் திராட்சை. சில நாள் டீக்கடை பிஸ்கட். அது ஆசையாகத்தான் தின்றது. நான்காவது மாதம் ஒரு ராத்திரி கூண்டின் மேல்தட்டிலிருந்து விழுந்தது. மறுநாள் பின்னங்கால் இரண்டையும் இழுத்துக்கொண்டே நகர்ந்தது. பையன் கிளினிக் கிளினிக்காக அலைந்தான். ஒரு டாக்டர், "தம்பி, நாய், பூனை, மாடுன்னா சொல்லுங்க பாத்துடலாம். இதை இப்பத்தான் முதல் தடவையா பாக்கறேனுங்க" என்றார். ஆனால் அந்த மனிதர் அதோடு அனுப்பிவிடவில்லை. தன் சீனியர் ஒருவருக்குப் போன் போட்டுக் கேட்டு, கால்சியம் கொடுக்கச் சொன்னார். கூண்டைத் தாழ்வாக்கி, ஏற விடாமல் ஓய்வில் வைக்கச் சொன்னார்.

அந்த வாரம் நாமக்கல்லிலிருந்து பையனின் தாய்மாமா வந்திருந்தார். முட்டைக் கோழிப் பண்ணைக்காரர். துணிப்பையைத் திறந்து பார்த்துவிட்டு ஒரு நிமிஷத்தில் சொன்னார்.

"இதென்ன கண்ணு புதுசா? கூண்டுக் கோழிக்கு வர்ற கேடுதான். தீவனத்துல சுண்ணாம்புச் சத்து கொறஞ்சா, கோழி தன் எலும்புல இருக்கறத எடுத்து முட்டை ஓடு கட்டும். அப்புறம் கால் வராம படுத்துக்கும். நீ என்ன போட்டே?"

"வாழப்பழம் மாமா."

"வெறும் வாழப்பழமா? கோழிக்கே நாங்க கிளிஞ்சல் போடறோமே சாமி!"

மாமா சொன்னதுதான் விஷயம். ரத்தத்தில் கால்சியத்துக்கும் பாஸ்பரஸுக்கும் ஒரு கணக்கு உண்டு. சாப்பாட்டில் பாஸ்பரஸ் ஏறி கால்சியம் இறங்கினால், உடம்பு எலும்பிலிருந்து கால்சியத்தை எடுத்து ஈடு கட்டும். பேங்க் பேலன்ஸ் குறைந்தால் நகையை அடகு வைப்பது மாதிரி. வெளியே ஒன்றும் தெரியாது. நகையெல்லாம் தீர்ந்த பிறகு ஒரு நாள் எலும்பு உடையும், கால் வராமல் போகும். சுகர் கிளைடருக்கு ஒரு பங்கு பாஸ்பரஸுக்கு இரண்டு பங்கு கால்சியம் என்ற அளவில் சாப்பாடு அமைவது நல்லது. 100 கிராம் வாழைப்பழத்தில் கால்சியம் சுமார் 5 மில்லிகிராம்தான், பாஸ்பரஸ் 22. கொய்யாவும் திராட்சையும்கூடத் தலைகீழ்க் கணக்குதான். பப்பாளியில் கால்சியம் 20, பாஸ்பரஸ் 10. ஆரஞ்சும் அத்திப்பழமும் நல்ல பக்கம். அதற்காகப் பப்பாளியை மட்டுமே போட்டு வளர்க்கவும் முடியாது. பழம் என்பது இதற்குத் தொட்டுக்கொள்ளும் ஊறுகாய் மாதிரி. சோறு வேறு.

அந்தச் சோறு என்ன? ஆஸ்திரேலியாவில் உருவாகி உலகம் முழுக்க வளர்ப்பவர்கள் பின்பற்றும் ஒரு கலவை உண்டு. லெட்பீட்டர் கலவை என்று பெயர். செய்முறை சுலபம்:

150 மி.லி வெதுவெதுப்பான தண்ணீரில் 150 மி.லி தேனைக் கரைத்துக்கொள்ளவும். ஓடு நீக்கிய ஒரு அவித்த முட்டையை நன்றாக மசித்துச் சேர்க்கவும். 25 கிராம் புரதம் நிறைந்த குழந்தை உணவு மாவு, ஒரு தேக்கரண்டி வைட்டமின்-தாது உப்புப் பொடி. எல்லாவற்றையும் மிக்சியில் அடித்து, ஐஸ் ட்ரேயில் ஊற்றி ஃப்ரீசரில் வைத்துக்கொண்டால் தினமும் ஒரு துண்டை எடுத்து உருக்கிக் கொடுக்கலாம். எந்தப் பொடி, எவ்வளவு என்பதை டாக்டரிடம் கேட்டே முடிவு செய்ய வேண்டும்.

இது பாதிச் சாப்பாடு. மீதிப் பாதிக்குப் பூச்சி வேண்டும். பறவை வளர்ப்பவர்களுக்கு விற்கும் மீல்வேர்ம் புழு, வளர்ப்புச் சில்வண்டு இவற்றைக் கால்சியம் பொடியில் புரட்டிக் கொடுக்க வேண்டும். தோட்டத்து வெட்டுக்கிளியைப் பிடித்துப் போடக் கூடாது. பருத்திக்கும் தக்காளிக்கும் அடித்த மருந்து அதன் உடம்பில் இருக்கும். மொத்தத்தில் ஒரு நாளைக்கு அதன் எடையில் 15 முதல் 20 சதவீதம், அதாவது 100 கிராம் பிராணிக்கு 15-20 கிராம் போதும். நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் கருவேலம் பிசினை ஊறவைத்துக் கொஞ்சம் நக்கக் கொடுக்கலாம். காட்டில் அது தின்பதும் அந்த வகைப் பிசின்தானே. சாக்லேட், காபி, வெங்காயம், பூண்டு ஆகவே ஆகாது. உடையாத எறும்புக் கோட்டை ஒன்றும் தேவை. தேன் வாசத்துக்கு நம் ஊர் எறும்பு கூண்டு வரைக்கும் வரிசை கட்டிவிடும். சாப்பாட்டுக் கிண்ணத்தைத் தண்ணீர்த் தட்டில் வைப்பது பாட்டிகள் காலத்து வழி, அது இன்றைக்கும் பலிக்கிறது.

கூண்டு விஷயத்தில் லவ் பேர்ட்ஸ் கூண்டே போதும் என்பார்கள். போதாது. அகலத்தைவிட உயரம் முக்கியம். மூன்று அடி உயரமாவது வேண்டும். கம்பிக்குக் கம்பி அரை அங்குலத்துக்கு மேல் இடைவெளி இருந்தால் நழுவி வெளியே வந்துவிடும். துத்தநாகப் பூச்சு போட்ட வெறும் கம்பி வலையைக் கடித்து நக்கினால் விஷமாகும். உள்ளே தூங்குவதற்குத் துணிப்பை ஒன்று, நூல் பிரியாததாக. பிரிந்த நூல் விரலில் சுற்றி இறுகிவிடும்.

வெளியே விடும்போது மூன்று எமன்கள். முதலாவது சீலிங் ஃபேன். ஆஸ்திரேலியாக்காரன் எழுதிய கையேட்டில் இதற்குப் பெரிய இடம் இருக்காது, நம் வீட்டில் ஃபேன் இல்லாத அறை ஏது? கிளைடர் அலமாரி மேலிருந்து தாவும் உயரமும் ஃபேன் சுற்றும் உயரமும் ஒன்று. கூண்டுக் கதவைத் திறக்கும் முன் ஸ்விட்சை அணைத்தே ஆக வேண்டும். இரண்டாவது பாத்ரூம் பக்கெட். பாதி தண்ணீர் இருக்கும் பிளாஸ்டிக் பக்கெட்டில் விழுந்தால் வழுக்கி வழுக்கி ஏற முடியாமல் மூழ்கிவிடும். மூன்றாவது கொசுவத்தி, சாம்பிராணிப் புகை, பீரோவில் போடும் அந்துருண்டை. இவ்வளவு சின்ன நுரையீரலுக்கு அதெல்லாம் தாங்காது.

வெயிலும் உண்டு. இதற்கு 24 முதல் 27 டிகிரி வரை சுகம். கோவைக்காவது பாலக்காட்டுக் கணவாய்க் காற்று இருக்கிறது. ஈரோடு, கரூர் பக்கம் சித்திரை வெயில் 40 டிகிரியைத் தொடும்போது ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட மொட்டை மாடி அறையில் கூண்டை வைத்தால் பகல் தூக்கமே கடைசித் தூக்கமாகிவிடும். ஊட்டிப் பக்கம் போனால் நேர் எதிர். குளிர் தாங்காமல் கட்டை மாதிரி விறைத்து மயங்கிக் கிடக்கும். செத்துவிட்டது என்று தூக்கிப் போட்டுவிடக் கூடாது. உடம்போடு அணைத்து மெல்லச் சூடேற்றி, டாக்டரிடம் கொண்டுபோக வேண்டும்.

இதெல்லாம் காசும் கவனமும் இருந்தால் முடிகிற காரியம். காசால் முடியாதது தனிமை. காட்டில் இது ஏழெட்டு பேர் கொண்ட கூட்டுக் குடும்பமாக ஒரே மரப்பொந்தில் சுருண்டு தூங்கும். ஒருவர் வாசனையை ஒருவர் மேல் பூசிக்கொண்டு, யார் நம்ம ஆள் என்று மோப்பத்திலேயே தெரிந்துகொள்ளும். அதைத் தனியாகக் கூண்டில் வைத்தால் ஒரு கட்டத்தில் தன் ரோமத்தைத் தானே பிடுங்கும். வாலைக் கடிக்கும். சில சமயம் சதை வரைக்கும் கடித்துக்கொள்ளும். அஸ்காவின் வால் நுனி ஐந்தாம் மாதம் மொட்டையானது. கால்சியம் குறைவால் என்றுதான் பையன் நினைத்தான். அது வேறு பசி.

ஆகவே வாங்கினால் இரண்டாக வாங்க வேண்டும். இரண்டு பெண், அல்லது ஒரு பெண்ணும் குடும்பக் கட்டுப்பாடு செய்த ஒரு ஆணும். கட்டுப்பாடு செய்யாத ஜோடியை வைத்தால் குட்டி மேல் குட்டி போட்டு, அண்ணன் தங்கைக்குள்ளேயே மறுபடி குட்டி வரும். 100 கிராம் உடம்புக்கு மயக்க மருந்து கொடுத்து ஆபரேஷன் செய்யத் தெரிந்த டாக்டர் எங்கே இருக்கிறார் என்பதை வாங்குவதற்கு முன்னாலேயே கண்டுபிடித்து வைக்க வேண்டும். கொங்கு நாட்டில் கால்நடைப் படிப்புக்குக் குறைவில்லை. நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி 1985-லும், உடுமலைப்பேட்டைக் கல்லூரி 2020-லும் வந்தன. ஆனால் காங்கேயம் காளைக்கும் கோழிக்கும் உள்ள அனுபவம் ஊர் டாக்டர்களுக்கு இதில் இருக்காது, அது அவர்கள் குற்றமும் இல்லை.

சட்டம் என்ன சொல்கிறது என்று நிறையப் பேர் கேட்பார்கள். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 2022 திருத்தம் 2023 ஏப்ரல் 1 முதல் அமலில் இருக்கிறது. சைட்டிஸ் என்ற சர்வதேச ஒப்பந்தப் பட்டியலில் உள்ள வெளிநாட்டு உயிரினங்களை வைத்திருப்பவர்கள் பதிவு செய்யணும் என்று அதற்கான விதிகள் 2024 பிப்ரவரியில் வந்தன. சுகர் கிளைடர் அந்தப் பட்டியலில் இல்லை. அதனால் பயமே இல்லை என்று அர்த்தமில்லை. வெளிநாட்டிலிருந்து உயிருள்ள பிராணியைக் கொண்டுவர அனுமதியும் நோய்த் தடுப்புச் சோதனையும் தேவை. பாங்காக்கிலிருந்து பெட்டிக்குள் அடைத்துக் கடத்தி வந்த பிராணிகள் சென்னை விமான நிலையத்தில் பல முறை பிடிபட்டிருக்கின்றன. 2019 பிப்ரவரியில் ஒரு பெட்டிக்குள் சிறுத்தைக் குட்டியே இருந்தது. எனவே எங்கே பிறந்தது, தாய் எங்கே, பில் உண்டா என்று கேட்க வேண்டும். பதில் சொல்லாமல் மழுப்புகிற ஆளிடம் வாங்கவே கூடாது.

இன்னொன்று. 'நாட்டு கிளைடர்' என்று சொல்லி யாராவது குறைந்த விலைக்குக் கொடுத்தால் அது ஆனைமலைப் பக்கத்துப் பறக்கும் அணிலாக இருக்கலாம். அதைத் தொட்டாலே குற்றம். பச்சைக்கிளி வளர்ப்பதே குற்றம் என்று இருக்கும்போது இதைச் சொல்லவும் வேண்டுமா!

முடியவில்லை என்றால் என்ன செய்வது? பையனின் அறை நண்பன் ஒருவன் ரொம்ப சாதாரணமாகச் சொன்னான், "மருதமலைப் பக்கம் காட்டுல விட்டுடுடா, பொழச்சுக்கும்." ஆஸ்திரேலியாவுக்குத் தெற்கே உள்ள டாஸ்மேனியாத் தீவில் 19ஆம் நூற்றாண்டில் இதைத்தான் கொண்டுபோய் விட்டார்கள். பிழைத்துக்கொண்டது. இப்போது அங்கே சுவிஃப்ட் பேரட் என்ற கிளி அழிவின் விளிம்பில் நிற்கிறது. மரப்பொந்தில் அடைகாக்கும் தாய்க்கிளியையும் முட்டையையும் ராத்திரியில் சுகர் கிளைடர் புகுந்து தின்றுவிடுகிறது. நம் காட்டில் விட்டால் ஒன்று அது சாகும், இல்லை நம் காட்டுப் பறவை சாகும். உயிரியல் பூங்காவில் ஒப்படைக்கலாம் என்றால் கோவை வ.உ.சி பூங்காவின் அங்கீகாரத்தையே மத்திய உயிரியல் பூங்கா ஆணையம் 2022-ல் ரத்து செய்துவிட்டது.

கணக்குப் படிக்கிறவர்களுக்கு ஒரு கணக்கு. பி.காம் மூன்று வருடம். நன்றாகப் பார்த்துக்கொண்டால் சுகர் கிளைடர் பத்துப் பன்னிரண்டு வருடம் வாழும். இரண்டாம் வருடத்தில் வாங்கினால், வேலைக்குப் போய், கல்யாணம் ஆகி, குழந்தையை எல்.கே.ஜி சேர்க்கும் வரை கூடவே வரும். வாங்கின விலை பற்றுப் பக்கத்தில் ஒரு வரிதான். அதற்குக் கீழே பத்து வருஷத்து ராத்திரிகள் வரிசையாக நிற்கின்றன. அந்த வரிகளை யார் எழுதப் போகிறார்கள் என்று தெரியாமல் முதல் வரியை எழுதக் கூடாது.

அஸ்கா சாகவில்லை. ஆறு வாரத்தில் இடது கால் வந்துவிட்டது. வலது கால் இன்றைக்கும் கொஞ்சம் இழுக்கும். செமஸ்டர் லீவில் பையன் ஊருக்குக் கொண்டுபோனான்.

"ஏஞ்சாமி, எலியவா காசு குடுத்து வாங்கினே?" என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டார். இரண்டு நாள் அந்தப் பக்கமே வரவில்லை. மூன்றாம் நாள் விடியக்காலம் நாலு மணிக்குப் பால் கறக்க எழுந்தபோது, ஊரே தூங்குகிற நேரத்தில் வீட்டில் இன்னொரு ஜீவனும் முழித்துக்கொண்டு கம்பியைப் பிடித்து நிற்பதைப் பார்த்தார். அன்றிலிருந்து பப்பாளித் துண்டு அம்மா கையால்தான்.

இரண்டாவது கிளைடரைக் கடையில் வாங்கவில்லை. கடைசி வருடம் முடித்து பெங்களூரு வேலைக்குக் கிளம்பிய ஒரு சீனியர், தன்னுடைய பெண் கிளைடரை என்ன செய்வது என்று தெரியாமல் விழித்துக்கொண்டிருந்தார். அதைக் கூண்டோடு வாங்கிக்கொண்டான். உடனே ஒரே கூண்டில் விட்டுவிடவில்லை. இரண்டு கூண்டையும் ஒரு முழ இடைவெளியில் வைத்து, இதன் தூங்கும் பையை அதற்கும் அதன் பையை இதற்கும் தினமும் மாற்றி மாற்றி வைத்தான். மூன்றாவது வாரம் பகலில், இரண்டுக்கும் புதிதான ஒரு பொது இடத்தில் சேர்த்துவிட்டான். கொஞ்ச நேரம் கரகரத்துவிட்டு ஒரே பைக்குள் போய்ச் சுருண்டுகொண்டன.

பையனின் வகுப்பில் இன்னும் இரண்டு பேர் இப்போது கிளைடர் வாங்க ஆசைப்பட்டு அவனிடம் விலை கேட்கிறார்கள். அவன் விலை சொல்வதில்லை. ஒரு மாதம் ராத்திரி ஒரு மணிக்கு அலாரம் வைத்து எழுந்து, அரை மணி நேரம் சும்மா உட்கார்ந்துவிட்டுத் தூங்கப் போகச் சொல்கிறான். முப்பது நாளும் எழுந்தால் வா, கடை காட்டுகிறேன் என்கிறான்.

ஒருத்தன் நாலு நாள் எழுந்தானாம். இன்னொருத்தன் ரெண்டு நாள்.